கழுவும் முன் உற்றுப் பாருங்கள்: பழைய கார் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவதற்கு ஒரு வழிகாட்டி

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த காரின் பானெட்டைத் தூக்கியவுடன், உள்ளே அப்பிக் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கழுவித் தள்ளிவிட வேண்டும் என்றுதான் எவருக்கும் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை ஒரு நாளாவது அடக்கி வைப்பது நல்லது. இன்ஜின் எங்கே ஒழுகியது, எங்கே அளவுக்கு மீறிச் சூடேறியது, எந்தப் போல்ட்டில் அண்மையில் ஸ்பேனர் பட்டது என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் பதிந்திருக்கிறது. நான் முதன்முதலாகப் பிரித்த இன்ஜினை, டீகிரீசர் தெளித்துத் தண்ணீர் அடித்துப் பளபளப்பாக்கிய பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். கியர் பாக்ஸுக்குப் பின்னால் மறைந்திருந்த வெல்ஷ் பிளக் (பிளாக்கின் நீர் அறைத் துளையை அடைக்கும் தகட்டு மூடி) ஒன்றிலிருந்து கூலன்ட் கசிந்து காய்ந்த துருக்கோடு, அந்தக் கழுவலில் போய்விட்டது. எல்லாவற்றையும் பூட்டிக் காரில் ஏற்றிய பின் அதே இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியபோது, கியர் பாக்ஸை மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் இன்ஜினுக்கு உரிய சர்வீஸ் கையேட்டைத் தேடிப் பெற்றுக்கொள்ளுங்கள். கீழே தரப்படும் அளவுகள் பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பொருந்தும் பொது அளவுகளே. கையேடு வேறு அளவைச் சொன்னால் அதுவே இறுதியானது.

அழுக்கு சொல்லும் சேதி

இன்ஜினை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாகத் தூசி ஒட்டிய கருமை ஆயில் கசிவைக் காட்டும். கசியும் இடம் பெரும்பாலும் அந்தக் கருமையின் மேல்முனையில்தான் இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ துருநிறமாகவோ உப்புப் பூத்தது போன்ற கோடு தெரிந்தால் அது கூலன்ட் வழிந்து காய்ந்த தடம். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். குறுந்தூரமே ஓடிய கார்களில் வெறும் ஈரப்பதத்தாலும் இது வருவதுண்டு என்பதால், அதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) குற்றவாளியாக்கிவிடக் கூடாது.

உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நீண்ட நாள் நின்ற இன்ஜினில் நீர் ஆயிலுக்கு அடியில் தங்கிவிடும். இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் சொட்டுவது நீரா ஆயிலா என்று பாருங்கள். ஆயில் முழுவதும் இறங்கிய பின் ஃபில்டரைக் கழற்றி, அதன் உறையை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியமாகவோ பேரிங்கின் மேல் பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் அடி அடுக்கு வரை தேய்ந்துவிட்டது, கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கட்டாயம் வெளியே எடுத்தாக வேண்டும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று எண் எழுதி வரிசையாக வையுங்கள். உலர்ந்த கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் கலவை அதிகம். எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ, வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. மற்றவை கறுத்திருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போயிருக்கிறது.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே வேண்டாம். துருவில் ஒட்டிய ரிங்கை அது உடைத்துவிடும். ஒவ்வொரு பிளக் துளை வழியாகவும் துரு நீக்கும் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, நாளுக்கு ஓரிரு முறை முன்னும் பின்னுமாகச் சிறிது அசைத்துப் பாருங்கள். பலத்தைவிடப் பொறுமைக்கே இந்தத் துரு இளகும்.

சுற்றுகிறதென்றால், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யலாம். இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்துவைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும். மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். அது 15 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாக இருந்தால், இரண்டுக்கும் இடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாச் சிலிண்டரும் சமமாகவும் வலுவாகவும் காட்டி, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், அந்த இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டாம். சீல்கள், கேஸ்கெட்டுகள், டைமிங் செயின் அல்லது பெல்ட் ஆகியவற்றை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலே போதும். பிரிப்பதற்குக் கிடைத்த சாக்காக ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, பெட்டிகளில் பாகங்களாகவே விட்டுவிட்டவர்கள் எண்ணற்றோர்.

பிரிக்கும்போது

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய பெட்ரோலை இறக்கி, நெருப்பில்லாத இடத்தில் மூடி வையுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. அதைத் திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயும் பூனையும் நக்கி இறந்துபோகும். பழைய ஆயில் தொடர்ந்து தோலில் படுவதும் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதால் கையுறை அவசியம். இன்ஜினை வெளியே தூக்கும்போது, தொங்கும் சுமைக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. அதைத் தாங்கும் ஸ்டாண்டில் மாட்டும் வரை யாரும் சங்கிலியை நம்ப வேண்டாம்.

கழற்றும் வேலை எளிது. எது எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் இருப்பதுதான் கடினம். நாளைக்கும் நினைவிருக்கும் என்று தோன்றுவது மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டு எழுதிவையுங்கள். நீளம் மாறுபடும் போல்ட்டுகள் உள்ள மூடிகளுக்கு, அட்டையில் அந்த மூடியின் வடிவத்தை வரைந்து, போல்ட்டுகளை அவை இருந்த இடத்திலேயே குத்திவைப்பதே பிழைக்கு இடமில்லாத முறை.

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பின்னரே, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்று எனப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் வளைந்துவிடும். ஹெட் வர மறுத்தால் இரண்டு பரப்புகளுக்கும் இடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல், புதுக் கேஸ்கெட்டிலும் கசியும்.

சில பாகங்கள் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டாப்பெட்டுகளும் புஷ் ராடுகளும் அதே இடத்துக்கே திரும்ப வேண்டும். மெயின் பேரிங் மூடிகளும் கனெக்டிங் ராடு மூடிகளும் தத்தம் இணையோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை. இடம் மாறினாலும் திசை மாறினாலும் துளை வட்டமாக இராது. ஆகவே, கழற்றுவதற்கு முன்பே மூடியிலும் ராடிலும் ஒரே பக்கத்தில் எண் குறித்துவிடுங்கள்.

பிஸ்டனை மேலே தள்ளுவதற்கு முன், சிலிண்டரின் உச்சியில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நின்ற விளிம்பு தட்டுப்பட்டால், அதற்குரிய ரீமரால் அதை முதலில் நீக்க வேண்டும்; அப்படியே அடித்துத் தள்ளினால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும். ராடு போல்ட்டுகளின் மேல் சிறு ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டினால், அவற்றின் மரை கிராங்கின் வழவழப்பான ஜர்னலை (பேரிங்கில் சுழலும் பகுதி) கீறாது.

இனிக் கழுவலாம்

ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் படம் எடுத்து எழுதிவைத்த பிறகு, கழுவுவதில் எந்தத் தயவும் தேவையில்லை. முதலில் கட்டிப் பிசுக்கை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ வழித்தெடுத்து, மண்ணெண்ணெயிலோ டீகிரீசரிலோ ஊறவைத்துத் தூரிகையால் தேயுங்கள். பெட்ரோலில் கழுவுவது பலரிடமுள்ள பழக்கம். அதன் ஆவி தரையோடு பரவிச் சென்று தொலைவிலுள்ள ஒரு பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும் என்பதால் அதைக் கைவிடுங்கள். காஸ்டிக் சோடா வார்ப்பிரும்பு பிளாக்கை நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எனவே அலுமினிய ஹெட்டையும் பிஸ்டனையும் அந்தத் தொட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் உரசிப் பொடியாக்காமல், நனைத்து, மழுங்கிய சுரண்டியால் எடுத்து, ஈரத்தோடே பையில் கட்டிவிடுங்கள். டிரில்லில் மாட்டிச் சுழற்றும் உரசுத் தட்டுகளைக் கேஸ்கெட் பரப்பில் பயன்படுத்துவதையும் நான் ஏற்பதில்லை. அலுமினியத்தில் அவை பள்ளம் விழச் செய்வது ஒரு பக்கம். அவற்றிலிருந்து உதிரும் உரசுத்தூள் ஆயில் வழிகளுக்குள் போய், புதுப் பேரிங்கை மிகக் குறுகிய ஓட்டத்திலேயே தின்றுவிடும் என்பது அதைவிடப் பெரிய கேடு.

நல்ல இன்ஜினுக்கும் வெறும் பளபளப்பான இன்ஜினுக்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரியாத இடங்களில்தான் இருக்கிறது. பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, நீண்ட தூரிகையை ஒவ்வொரு துளையிலும் இருபுறமும் ஓட்டி, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். ஊதும்போது கண்ணாடி அணியுங்கள். கிராங்கின் குறுக்காகச் செல்லும் ஆயில் துளைகளிலும் பல ஆண்டுக் கசடு தேங்கியிருக்கும். வெல்ஷ் பிளக்குகளை எடுத்தால், தண்ணீர் சுற்றும் அறைகளின் அடியில் துருச்சேறு கெட்டியாக உறைந்திருப்பதைக் காணலாம். இன்ஜின் எப்போதும் சூடாகிறது என்று கைவிடப்பட்ட கார்களில் பாதிக் கதை அந்தச் சேற்றில்தான் இருக்கும். அதைக் கம்பியால் கிளறி, பீய்ச்சும் நீரால் வெளியேற்றிவிட்டு, புது வெல்ஷ் பிளக்குகளைப் போடுங்கள்; பழையதை எந்த நிலையிலும் திரும்பப் போடாதீர்கள்.

கழுவிய வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே செந்துரு பூக்கும். ஆகவே உலர்த்திய உடனே சிலிண்டர்களிலும் இயந்திரம் பட்ட பரப்புகளிலும் ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள்.

வீட்டில் எது, பட்டறையில் எது

வீட்டில் செய்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டியதில்லை. அளப்பது நம் வேலை. வெட்டுவதும் அரைப்பதும் லேத் பட்டறையின் வேலை. அளக்காமல் பாகம் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு செருப்பு வாங்குவதற்கு ஒப்பு.

சிலிண்டரை உச்சி, நடு, அடி என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலும், ஆக ஆறு இடங்களில் அளக்க வேண்டும். மேலிருந்து கீழே அளவு மாறினால் சிலிண்டர் கூம்பியிருக்கிறது. ஒரே மட்டத்தில் இரண்டு திசைகள் மாறினால் வட்டம் நீண்டிருக்கிறது. கையேட்டின் எல்லையைத் தாண்டினால் போர் செய்து (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி), 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன்களைப் போட வேண்டும். பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகே போர் செய்யக் கொடுங்கள், அவற்றை அளந்தே துளையை முடிப்பது நல்லது. எல்லைக்குள் இருந்தால், ஹோன் என்னும் உரசுக்கல் கருவி கொண்டு லேசாகத் தேய்த்து, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் குறுக்குக் கோடுகள் விழச் செய்தால் போதும். புது ரிங் பதிவதும், ஆயில் சிலிண்டர் சுவரில் தங்குவதும் அந்தக் கோடுகளால்தான்.

கிராங்க் ஜர்னலின் மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் மைக்ரோமீட்டருக்கே வேலையில்லை, அரைக்கக் கொடுத்துவிட்டு அதற்கேற்ற அளவில் பேரிங் வாங்க வேண்டும். ஹெட்டின் பரப்பில் நேர்விளிம்பை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள், 0.1 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் பெரும்பாலான ஹெட்டுகளைச் சமன் செய்யவேண்டியிருக்கும். மிகவும் சூடேறிய ஹெட்டாக இருந்தால், விரிசல் இல்லை என்று அழுத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே வேறு செலவு செய்யுங்கள்.

வால்வு தேய்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய, மனத்துக்கு இதமான வேலை. வால்வின் முகத்தில் சிறிது லேப்பிங் பேஸ்ட் தடவி, உறிஞ்சு குச்சியை ஒட்டி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே கடைவதுபோல் உருட்டி, அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி உட்காரவைத்தால், இடைவெளியில்லாத சாம்பல் வளையம் ஒன்று தோன்றும். பேஸ்ட்டைத் துளியும் மிச்சமின்றிக் கழுவிய பின், ஸ்பிரிங்குகளைப் பூட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். சில நிமிடங்களில் வால்வின் ஓரத்தில் ஈரம் கசியாவிட்டால் அது நன்றாக அடைக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட மிகப் பழைய ஹெட்டுகளில், ஈயமில்லாப் பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் மெல்லக் குழிந்துபோகும். ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடினமான இருக்கை வளையங்களைப் போட்டுவிடலாம்.

பட்டறையிலிருந்து வந்த பாகம் சுத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். போரும் ஹோனும் செய்த சிலிண்டரில் உரசுத்தூள் நுண்கோடுகளுக்குள் புதைந்திருக்கும். மண்ணெண்ணெய் அதை எடுக்காது. சோப்புக் கலந்த வெந்நீரும் விறைப்பான தூரிகையும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும்.

பூட்டுதல்

தரையைக் கூட்டி, நீர் தெளித்து, தூசி அடங்கிய பின் இந்த வேலையைத் தொடங்குங்கள். ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. எழுந்து போகும்போதெல்லாம் மூடிவிட்டுப் போக வேண்டும்.

பேரிங்கின் முதுகும் அது உட்காரும் குழியும் உலர்ந்திருக்க வேண்டும். ஜர்னலைத் தொடும் முகத்தில் மட்டும் அசெம்பிளி லூப் (பூட்டும்போது பூசும் மசகு) தாராளமாகப் பூசுங்கள். அதற்கு முன், பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய இழையை உலர்ந்த ஜர்னலின் மேல் வைத்து, மூடியைக் குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, கிராங்கைச் சுற்றாமலே கழற்றிப் பார்த்தால், நசுங்கிய இழையின் அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். 50 மி.மீ. ஜர்னலுக்கு அது 0.05 மி.மீ. அளவில் இருப்பது பொது விதி. ஒரு தலைமுடியின் பருமன்தான் அது. இவ்வளவு கழுவல் எதற்கு என்ற கேள்விக்கு அந்த அளவே விடை.

ஒவ்வொரு மூடியை இறுக்கிய பின்னும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கடைசியாகப் பூட்டியதில்தான் இறுக்கம் வந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சுற்றினால் எதில் என்று தேட வேண்டியிருக்கும்.

ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளங்கள். சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. வீதம், 75 மி.மீ. சிலிண்டருக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். அதிகமாக இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை. குறியிட்ட பக்கம் மேலே பார்க்க, வாய்கள் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி ரிங்குகளை மாட்டி, பிஸ்டனின் அம்புக்குறி கையேடு சொல்லும் பக்கம் இருக்க, ரிங் கம்ப்ரஸரால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். நடுவில் தடுக்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஓங்கித் தட்டினால் ரிங் உடைந்திருப்பது கார் புகை கக்கும்போதுதான் தெரியும்.

ஹெட்டை வைப்பதற்கு முன், பிளாக்கின் போல்ட் துளைகளில் ஆயிலோ நீரோ தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடி மூடிய துளையில் திரவம் இருக்க போல்ட்டை இறுக்கினால், அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பே பிளக்கும். மரைக்கு ஆயில் தடவ வேண்டுமா, உலர்வாக இறுக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். ஒரே டார்க்கில் ஆயில் தடவிய போல்ட் மிகுதியாக இழுபடும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, மூன்று கட்டங்களாக. கோண அளவில் இறுக்கப்படும் நீளும் வகைப் போல்ட்டுகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியவை. அவற்றில் மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுவதும் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் வலையை அடைத்துக்கொள்ளும்.

டைமிங் குறிகளைப் பொருத்திய பின், பிளக்குகள் இல்லாமல் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுகள் கையால் சுற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். இடையில் கெட்டியாகத் தட்டினால் வால்வும் பிஸ்டனும் மோதுகின்றன. கையில் தட்டுவது தப்பித்த விபத்து, ஸ்டார்ட்டரில் தட்டினால் வால்வு வளைந்திருக்கும்.

முதல் அரை மணி நேரம்

காய்ந்த பேரிங்கோடு இன்ஜினை ஒரு நொடிகூட ஓடவிடக் கூடாது. பூட்டும்போதே ஆயில் பம்ப்புக்குள் ஆயிலை நிரப்பி வையுங்கள். காரில் ஏற்றிய பின், பிளக்குகளைப் போடாமல், இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, ஆயில் அழுத்தம் காட்டும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுவிட்டுச் சுற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டால் பம்ப் இயங்கும் இன்ஜின்களில், அந்தத் தண்டை டிரில்லால் சுழற்றியே அழுத்தம் வரவழைக்கலாம். டிரில் திடீரென்று கனப்பதைக் கையே உணரும்.

தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் ஆயில் விளக்கு அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். தட்டை டாப்பெட் உள்ள இன்ஜினில் புதுக் கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) போட்டிருந்தால், துத்தநாகச் சேர்மம் போதிய அளவுள்ள ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்று வேகத்தில் ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் கேமின் முனை அந்த முதல் ஓட்டத்திலேயே தேய்ந்துபோகும். அந்த நேரம் முழுவதும் வெப்பமானியின் மீது ஒரு கண்ணும், கசிவின் மீது ஒரு கண்ணும் இருக்கட்டும்.

ரிங் பதிய வேண்டுமானால் காரைக் கொஞ்சம் வேலை வாங்க வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. பூனைநடை நடத்தினால் அது பதியாமலே வழுவழுப்பாகிவிடும். மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகமேற்றி, காலை எடுத்துத் தானாகத் தணியவிட்டு, இதையே பலமுறை செய்யுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதை முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் தவிர்க்கலாம். பழைய வகைக் கேஸ்கெட்டுக்குக் கையேடு சொல்லியிருந்தால், ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

முதல் ஆயிலை, அந்த முதல் ஓட்டம் முடிந்ததுமே மாற்றிவிடுங்கள்; அடுத்ததை ஏறக்குறைய 500 கிலோமீட்டரில். இரண்டு முறையும் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். முதல் ஃபில்டரில் நுண்ணிய சாம்பல் தூளும் ஓரிரு மினுக்கங்களும் இருப்பது இயல்பு. இரண்டாவதில் அது வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். குறையாமல் செம்பு நிறமோ, விரலில் உருளும் துண்டோ தென்பட்டால், காரை ஓட்டாமல் சம்பை இறக்கிப் பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.